வண்டி பார்த்துச் சொல்கிறவர்

சித்தூரில் பழைய கார் வாங்கக் கிளம்புகிறவனுக்கு மூன்று பேர் தயவு வேண்டும். கடன் கொடுக்கிறவர், நாள் குறிக்கிறவர், வண்டி பார்த்துச் சொல்கிறவர். முதல் இருவரும் முடியாது என்றால் அடுத்த தெருவில் ஆள் கிடைக்கும். மூன்றாமவர் ஒருமுறை உதட்டைப் பிதுக்கிவிட்டால் தீர்ந்தது. அந்த வண்டி அப்புறம் பலமனேர் தாண்டித்தான் விலைபோக வேண்டும்.

அவரைத் தரகர் என்று சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். கமிஷன் என்ற பேச்சும் ஆகாது. 'பெட்ரோல் காசு' என்றால் மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்வார். மெக்கானிக் என்றாலும் பிடிக்காது. "மெக்கானிக்கு இன்னா தெரியும் நைனா? இன்னா கெட்டுப்போச்சின்னு சொல்லுவான். எவ்ளோவுக்குக் கெட்டுப்போச்சின்னு நான்தான் சொல்லணும்" என்பார். இன்சூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் தேய்மானப் பட்டியலையும் அவர் ஏற்பதில்லை. முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, நாலு வருஷம் தாண்டி அஞ்சுக்குள் 50 என்று அது ஒழுங்காக இறங்கிக்கொண்டே போகும். "அது ஃபேனுக்குக் கீழ உக்காந்து போட்ட கணக்கு. வெயில்ல நிக்கற வண்டிக்கு ஆவாது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்.

சட்டைப் பையில் அவருக்கு மூன்று சாமான்கள் உண்டு: சின்ன டார்ச், மடித்த துணி, ஒரு காந்தம். வண்டியின் பக்கத்தில் போனதும் சாவி கேட்க மாட்டார். பேனட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் முகம் சுருங்கும். வாங்குகிறவன் வருவதற்கு முன்னால் விற்கிறவன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான், காலையில் குளிர்ந்த எஞ்சின் விடுகிற புகையை மறைக்கிறான் என்று அர்த்தம். அடுத்தது கண்ணாடிகள். ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரித்த வருஷக் குறி இருக்கும்; ஐந்து கண்ணாடி ஒரு வருஷம், ஒன்று மட்டும் வேறு வருஷம் என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. டயரில் நாலு எண். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 'புது டயர்' என்று விற்கிறவன் வாய்விட்டுச் சொல்லும்போதே அவர் குனிந்து அந்த எண்ணை உரக்கப் படித்துவிடுவார். யாரையும் பொய்யன் என்று சொன்னதில்லை. படிப்பார், அவ்வளவுதான்.

மிகவும் நேரம் எடுத்துக்கொள்வது சீட் பெல்ட்டுக்கு. கடைசி வரைக்கும் இழுத்து, அடியில் ஒளிந்திருக்கும் பகுதியை டார்ச் அடித்துப் பார்ப்பார். வெள்ளத்தில் முழுகிய வண்டியைக் கழுவி, சீட் உறை மாற்றி, சென்ட் அடித்து நிறுத்தலாம். ஆனால் பெல்ட்டின் கடைசி முழத்தில் படிந்த சேற்றுக் கோட்டைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் மூழ்கிய கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளியபோது, அவற்றில் நல்ல நல்ல ஜெர்மன் வண்டிகளும் இருந்தன. அந்தக் காலத்துச் சென்னை வண்டி எது வந்தாலும் இவர் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்போ எந்த ஏரியாவுல நின்னுது? வேளச்சேரியா?"

இதெல்லாம் ஸ்விஃப்டுக்கும் இன்னோவாவுக்கும் சரி. அவரைச் சோதித்தது ஸ்போர்ட்ஸ் கார்.

சித்தூருக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் பெங்களூரு, ஒரு பக்கம் சென்னை, நடுவில் மாம்பழக்கூழ் ஆலைக்காரர்களின் பிள்ளைகளும் கிரானைட்காரர்களின் மருமகன்களும். டில்லியில் டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று வைத்த கெடுவை 2018இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தபின், அந்த ஊர்ப் பணக்கார வண்டிகள் கிடைத்த விலைக்குத் தெற்கே இறங்கின. புதிதாக ஒரு கோடிக்குப் பக்கத்தில் விற்றது, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் புது இன்னோவா விலைக்கு வந்து நிற்கும். பையனுக்கு ஆசை வராதா?

வண்டி தரையோடு தரையாக இருக்கிறதே என்று ஒரு தகப்பனார் கவலைப்பட்டார். நம்மவர் அவரைத் தேற்றியது எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம்: "உயரம் கொறஞ்சா வெல ஏறும். புங்கனூர் மாடு பாக்கல?" புங்கனூர்க் குட்டை மாடு இந்த மாவட்டத்துச் சொத்து, இடுப்பு உயரம்கூட வராத அந்தப் பசுவுக்கு லட்சக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது. தகப்பனார் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

முதல் சோதனை ஒரு ஆடி டிடி. இரண்டாம் தலைமுறை வண்டி. இவர் வழக்கம்போலக் காந்தத்தை எடுத்துப் பேனட்டில் வைத்தார். விழுந்தது. மட்கார்டில் வைத்தார், மறுபடி விழுந்தது. கதவில் வைத்தார், ஒட்டியது. எழுந்து நின்று, "முன்னாடி முழுக்கப் பட்டி. சரியான அடி" என்றார். விற்கிறவன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த மாடலுக்கு முன்பக்கத் தகடு அலுமினியம், கதவும் டிக்கியும் இரும்பு. கம்பெனியே அப்படித்தான் செய்தது, எடை குறையட்டும் என்று. செல்போனில் படம் போட்டுக் காட்டினான். நம்மவர் படத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அலுமினியம்னா நம்ம ஊர் டிங்கருக்குத் தட்ட வராது. அதுக்கு ஒரு லட்சம் கொற" என்றார். கொள்கை மாறியது, தொகை மாறவில்லை.

இரண்டாவது, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு பழைய கார் யார்டில் நின்ற போர்ஷே பாக்ஸ்டர். மஞ்சள் நிறம். நான் கூடவே நின்றேன்.

"பேனட்டத் தொற."

திறந்தார்கள். உள்ளே பெட்டி வைக்கிற குழி. எஞ்சின் இல்லை.

"பின்னாடி எஞ்சினா? நம்ம டாடா நானோ மாதிரி. சரி, அதத் தொற."

திறந்தார்கள். அங்கேயும் பெட்டி வைக்கிற குழி. ஓரத்தில் ஆயில் ஊற்ற ஒரு மூடி, தண்ணீர் ஊற்ற ஒரு மூடி. எஞ்சின் இல்லை.

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தட்டு போட்டு மூடியிருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு விற்கிறவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எஞ்சினைத் தனியாக வேறு யாருக்கோ விற்றுவிட்டாயா என்று கேட்பதுபோல.

"நடுவுல கீது அண்ணா. சீட்டுக்குப் பின்னாடி. நாம தொறக்க முடியாது, ஒர்க்‌ஷாப்லதான் தொறப்பாங்க."

"ரெண்டு டிக்கி கீது, எஞ்சின் கண்ணுல படல. கண்ணுல படாத சாமானுக்கு நான் எப்டி வெல சொல்றது? நாலு லட்சம் கொறச்சிக்க."

விற்கிறவன் இரண்டு குறைத்தான். சிரிப்பாக இருந்தாலும் கணக்கில் நியாயம் உண்டு. இப்படி உள்ளே புதைத்து வைத்த எஞ்சினில் பெரிய வேலை வந்தால் கழற்றி இறக்குவதற்கே தனிக் கூலி, அதுவும் சென்னைக்கோ பெங்களூருக்கோ லாரியில் ஏற்றிப் போய்.

யார் ஓட்டினது என்ற கேள்வி வரும்போதுதான் மனிதருக்கு உற்சாகம். திருப்பதியில் விற்கிற வண்டிகளில் பாதி 'டாக்டர் ஓட்டினது'. ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரியும் எஸ்.வி. மெடிக்கல் காலேஜும் இருக்கிற ஊர், சித்தூரிலிருந்து 35 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. வேறு, அதனால் நம்பும்படியாகவும் இருக்கும். "அத்தினி டாக்டரும் கார் வித்துகினே இருந்தா ஊசி யாரு போடறது?" என்பார். ஆனால் பெயருக்கு விலை உண்டு என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். பிராட்மேனின் 29 சதங்களை எட்டியதற்காக 2002இல் சச்சினுக்குக் கொடுத்த ஃபெராரி 360 மோடெனாவை 2011இல் சூரத்துக் கட்டடத் தொழிலதிபர் ஒருவர் வாங்கினார் அல்லவா? "அவுரு வாங்கனது காரு இல்ல, சச்சின் உக்காந்த சீட்டு. அத எந்தக் காந்தத்த வெச்சிப் பாக்கறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்க இப்போது கருவிகள் வந்திருக்கின்றன. இவருக்கு அது தேவையில்லை. இவரிடம் காணிப்பாக்கம் இருக்கிறது.

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வரசித்தி விநாயகர். அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது இந்தப் பக்கத்தின் நம்பிக்கை. கோர்ட்டில் தீராத வழக்கைக்கூட அங்கே போய்த் தீர்த்துக்கொண்டு வருவார்கள். நம்மவர் டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பார்: "மீட்டரு ஒரிஜினல்னு காணிப்பாக்கம் வந்து ஒரு வார்த்த சொல்லிடறியா?" விற்கிறவன் சாவியை எடுத்துக்கொண்டு "வா மாமா, போலாம்" என்றால் மீட்டர் சரி. "அதுக்கெல்லாம் கோயிலுக்கு எதுக்கு, இருபதாயிரம் கொறச்சிக்கறேன்" என்றால், ஆயிரம் ரூபாய்க்கு ஆயிரம் கிலோமீட்டர் வீதம், இருபதாயிரம் கிலோமீட்டர் திருப்பியிருக்கிறான். "வீட்ல தீட்டு மாமா, வர முடியாது" என்கிறவன் லட்சத்தைத் தாண்டியவன். மூன்றாவது ரகத்திடம் இவர் பேரம் பேசுவதில்லை, செத்தது யார் என்று மட்டும் விசாரித்துவிட்டு வந்துவிடுவார்.

விலை பேசுவது துண்டுக்கு அடியில். வேறு ஊர்களில் தரகர்கள் வாங்குகிறவனுக்குத் தெரியாத பாஷையில் பேசிக்கொள்ளலாம். சித்தூரில் அந்த வசதி கிடையாது; தமிழில் பேசினால் தெலுங்குக்காரருக்குப் புரியும், தெலுங்கில் பேசினால் தமிழருக்குப் புரியும். ஆகவே மாட்டுச் சந்தை வழக்கப்படி தோள் துண்டைக் கைமேல் போட்டு, விரலைப் பிடித்தே லட்சங்கள் நகரும். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பையன் பக்கத்தில் நின்று இரண்டு பெரியவர்கள் ஏன் இவ்வளவு நேரம் கை குலுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

விலை முடிந்தபின் பையனுக்குத் திருமலை மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசை. நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆறு ஏழு வினாடியில் எட்டுகிற வண்டி. தேவஸ்தானம் வைத்த விதியோ, ஏறுவதற்கு 28 நிமிடத்துக்கும் இறங்குவதற்கு 40 நிமிடத்துக்கும் குறையக் கூடாது, முந்தினால் அபராதம். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு ஜீப், நடுவில் மஞ்சள் போர்ஷே. "பாத்தியா, சத்தமே இல்ல, நல்ல எஞ்சினு" என்று நம்மவர் சர்டிஃபிகேட் கொடுத்தது அந்தப் பயணத்தில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை நம்பாதீர்கள், காகிதம். அதில் அவருக்குப் பொறுமை கிடையாது. கர்நாடகா, தமிழ்நாடு, புதுச்சேரி எண்ணோடு வரும் வண்டியை ஆந்திரத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். ஆயுள் வரி நீங்கள் கொடுத்த விலையை வைத்து வராது, வண்டி புதிதாக இருந்தபோது விற்ற விலையையும் அதன் வயதையும் வைத்து வரும். மலிவாகக் கிடைத்த ஸ்போர்ட்ஸ் கார் அங்கேதான் கடிக்கும். 28ஆம் படிவத்தில் என்ஓசி, பெயர் மாற்ற 29, 30, கடன் பாக்கி இல்லை என்பதற்கு 35 எல்லாம் கையில் வந்தபிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

வண்டிக்கு அவரை அழைத்துப் போங்கள், தாராளமாக. ஆனால் கிளம்பும்போதே பெட்ரோல் காசைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் விற்கிறவன் கொடுத்துவிடுவான்.