விழுந்தா துப்பாக்கி, விழாட்டி தர்மம்

ஏலே பேராண்டி, பைக்குள்ள என்னத்தலே மறைக்கே? சீட்டுதானே? எடு பாப்போம். நான் என்ன ஒங்க அப்பனா, பாத்த ஒடனே வைய?

ம்ம். பென்சில்வேனியா தீயணைப்புக் கழகம் ஒண்ணு. 20 டாலரு. மாசம் முப்பது நாளும் தெனம் ஒரு துப்பாக்கி. ஒன் நம்பரு 417. பின்பக்கம் பொடி எழுத்துல நாலு வரி போட்டிருக்கான். அத நீ படிச்சிருக்க மாட்டே. காலேஜு முடிச்ச புள்ளைக பொடி எழுத்தப் படிச்சு நான் பாத்ததில்ல.

"இது நன்கொடை தாத்தா"ங்கே. அப்படியா? நன்கொடைன்னா குடுத்துட்டுக் கைய ஒதறிட்டு வரணும்லா? நீ சாயங்காலம் ஏழு மணியானா போனத் தூக்கிட்டு லாட்டரி நம்பரு வந்திருச்சான்னு பாக்கே. கோயில் உண்டியல்ல போட்ட காச மறுநாள் போயி எட்டிப் பாப்பியா?

அமெரிக்க வருமான வரிக்காரன் ஒன்னயவிட வெவரம். ராஃபிள் சீட்டுக்குக் குடுத்த காச தர்மக் கணக்குல கழிக்க முடியாதுன்னு எழுதியே வச்சிருக்கான். நீ வாங்குனது ஒரு வாய்ப்பு, குடுத்தது அதுக்கு வெல. அவ்வளவுதான். தப்பித் தவறி விழுந்திருச்சோ, அந்தத் துப்பாக்கிக்குச் சந்தையில என்ன மதிப்போ அது ஒன் வருமானத்துல போயி ஒக்காந்துக்கிடும். தோத்தா தர்மமும் இல்ல, ஜெயிச்சா இனாமும் இல்ல. நல்ல தொழிலுலே.

இந்தப் பசப்பு எனக்குப் புதுசில்ல. 1968ல அண்ணா ஆட்சியில அரசாங்கமே லாட்டரி கொண்டாந்தப்ப என்ன சொன்னாவ? விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு. டீக்கடை பெஞ்சுல சீட்டச் சொரண்டாத கொறையா உத்துப் பாத்த அத்தன பேரும் நாட்டுக்காகத்தான் வாங்குனான்! 2003ல தடை பண்ணுனாவ. "ஐயோ, இனி நாட்டுக்கு எப்படிக் குடுப்பேன்"னு எவனாவது அழுதானா? ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்கன்னு சும்மாவா சொன்னாவ.

சரி, கணக்குக்கு வா. 000 தொடங்கி 999 வரைக்கும் ஆயிரம் நம்பரு. எல்லாம் வித்துட்டா 20,000 டாலரு. துப்பாக்கி ஒண்ணு 400ன்னு வச்சுக்கோ, முப்பதுக்கு 12,000. கழகத்துக்கு மிஞ்சுறது 8,000. ஒன் இருபதுல எட்டுதான் அவுகளுக்கு. மிச்சம் பன்னெண்டு துப்பாக்கிக் கடைக்காரனுக்கு. மாசம் பூரா காத்திருந்தாலும் ஒனக்கு ஒரு தடவையாவது விழுறதுக்கு நூத்துக்கு மூணு வாய்ப்பு. கம்ப்யூட்டர் படிச்ச பயலுக்கு நான் கணக்குச் சொல்லுதேன், காலம்.

நம்பரு நேர்மையா வருதாங்கே? மாநில லாட்டரியோட மூணு நம்பரத்தான் எடுத்துக்கிடுதாவ, அதனால கழகத்து ஆளு கை வைக்க முடியாது. ஆனா அந்த லாட்டரிலயே கை வச்சவன் உண்டு. 1980, ஏப்ரல் 24. டிவியில குலுக்கல நடத்துற நிக் பெரியும் கூட்டாளிகளும் சேந்து, 4, 6 தவிர மத்த பந்துக்குள்ள எல்லாம் பெயிண்ட ஏத்தி கனமாக்கிட்டாவ. கனத்த பந்து மேல வருமா? 666 வந்துச்சு. அளவுக்கு மீறி வாங்கித் தொலைச்சு மாட்டிக்கிட்டாவ. அந்த ஊரு ஆளுகளுக்கு இன்னைக்கும் அந்தக் கதையச் சொன்னா ஒரு சிரிப்பு வரும்.

நீ அந்தத் தீயணைப்பு ஹாலுக்குள்ள போயிருக்கியா? போயிருக்க மாட்டே, போன்லயே காச அனுப்பியிருப்பே. இந்த மாசச் சீட்டு போக, ஹால்லயே ராஃபிள் நடத்துத நாளும் உண்டு, அன்னைக்குப் போயிப் பாரு. தீயணைப்பு வண்டிய வெளிய நிறுத்திட்டு, வண்டி நின்ன எடத்துல மடக்கு மேசை போட்டிருப்பாவ. ஒரு மேசையில துப்பாக்கியெல்லாம் வரிசையா, வாயத் தொறந்து வச்சு, உள்ள ஒரு பிளாஸ்டிக் கயித்த நொழச்சுக் கட்டி, கழுத்துல நம்பர் அட்டை. பக்கத்துல குறுக்குவில்லு, ஐஸ்பெட்டி, மரத்துல ஏறி ஒக்காருற நாற்காலி. இன்னொரு பக்கம் வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வதக்குன பியரோகி, அதாவது உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. அந்த வாசனைக்கே ஒரு சீட்டு வாங்கலாம். சீட்டு விக்குத பாட்டி இருக்காளே, அவ கெட்டிக்காரி. "கை நீளத்துக்கு இருபது டாலரு"ம்பா. சீட்டுச் சுருளப் பிரிச்சு ஆளோட ரெண்டு கையையும் அகல விரிக்கச் சொல்லி அளந்து கிழிப்பா. பூக்காரி மொழம் போடுத மாதிரிதான், ஆனா இவ வாங்குத ஆளு கையில அளப்பா. அதுக்குன்னே கூட்டத்துல ஒசரமான பயலப் பிடிச்சுக் கூட்டியாருவானுவ.

இப்ப ஒனக்கு ஒரு பழைய கத சொல்லுதேன். தீயணைப்புக் கழகம், சீட்டு, துப்பாக்கி மூணும் அந்த ஊருல எப்ப ஒண்ணாச் சேந்துச்சுன்னு நெனைக்கே? அமெரிக்காங்கிற நாடே பொறக்காத காலம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736ல பிலடெல்பியாவுல யூனியன் தீயணைப்புக் கழகத்த ஆரம்பிச்சாரு. 1747ல ஆத்து வழியா எதிரிக் கப்பல் வந்துருமோன்னு பயம். பீரங்கி மேடை கட்டணும். காசுக்கு எங்க போக? லாட்டரி போட்டாரு. கழகத்துக் கையிருப்பு அறுபது பவுண்டுக்கும் சீட்டு வாங்கிருவோம்னு ஒரு யோசனை. அங்கதான் சிக்கல். முப்பது பேருல இருபத்திரெண்டு பேரு குவேக்கர்ங்கிற கிறிஸ்தவக் கூட்டம். ஆயுதம்னா ஆகவே ஆகாது அவுகளுக்கு.

ஓட்டெடுப்புக்கு பிராங்க்ளின் ஆளுக எட்டுப் பேரும் வந்துட்டாவ. எதுக்க வந்த குவேக்கர் எத்தன? ஒத்த ஆளு. ஜேம்ஸ் மாரிஸுன்னு பேரு. இன்னும் எங்க ஆளுக வருவாவ, கொஞ்சம் பொறுங்கன்னு கெஞ்சுதாரு. அந்நேரம் பணியாளு வந்து, கீழ ரெண்டு பேரு பிராங்க்ளினப் பாக்கணும்னு நிக்காவன்னான். எறங்கிப் போனா ரெண்டும் குவேக்கரு! "பக்கத்துச் சாராயக்கடையில நாங்க எட்டுப் பேரு ஒக்காந்திருக்கோம். ஓட்டு கொறஞ்சா கூப்புடு, வந்து ஒனக்கே போடுதோம். கூப்புடாம முடிச்சுக்கிட்டா ரொம்ப நல்லது, வீட்டுல பெரியவுககிட்ட வம்பு வராது"ன்னுட்டுப் போயிட்டாவ. மனுசன் மேல வந்து, ஒண்ணும் தெரியாத மூஞ்சிய வச்சுக்கிட்டு, பெருந்தன்மையா இன்னும் ஒரு மணி நேரம் காத்திருப்போம்னாரு. ஒருத்தரும் வரல. எட்டுக்கு ஒண்ணுன்னு தீர்மானம் நெறவேறிருச்சு.

தோத்திருந்தா என்ன பண்ணுறதுன்னும் முன்கூட்டியே ஒரு திட்டம் வச்சிருந்தாரு. தீயணைப்பு எந்திரம் வாங்கணும்னு தீர்மானம் போடுவோம், அத எந்தக் குவேக்கர் எதுப்பான்? வாங்குத பொறுப்ப நம்மளே எடுத்துக்கிட்டு பீரங்கி ஒண்ண வாங்கிருவோம், அதுவும் நெருப்பு எந்திரந்தானே! தன் வரலாத்துல அவரே இத எழுதி வச்சிருக்காரு. நியூயார்க் கவர்னர்கிட்ட பீரங்கி கடன் கேட்டுப் போனதையும் எழுதியிருக்காரு. மொதல்ல முடியவே முடியாதுன்ன மனுசன், மதெய்ரா ஒயின் உள்ள போகப் போக ஆறு தாரேன்னாராம், பெறகு பத்துன்னாராம், கடைசில பதினெட்டுக் குடுத்தாராம். தர்மம் பொறக்குத எடத்தப் பாத்தியா?

வாத்துக்காரன் கதையும் இதுதான். வாத்து வாழுத நீர்நெலத்தக் காக்கணும்னு 1937ல தொடங்குன டக்ஸ் அன்லிமிடெட் விருந்துலயும் துப்பாக்கிச் சீட்டு உண்டு. சுடுதவனே காப்பாத்துதானான்னு சிரிக்காத. வாத்து இருந்தாத்தானே சுட முடியும்? அவன் மனசுல இருக்கத அவன் ஒளிக்கல. நீதான் ஒளிக்கே.

சரி, 417 விழுந்திருச்சுன்னே வையி. துப்பாக்கிய மேசையிலேருந்து தூக்கிட்டு வந்துருவியா? நடக்காது. உரிமம் உள்ள கடைக்குப் போகணும். 4473ன்னு ஒரு படிவம் நீட்டுவான். நீ எந்த நாட்டுக் குடிமகன், கஞ்சா பிடிக்கியா, கோர்ட்டு வழக்கு உண்டா, எல்லாம் கேப்பான். கஞ்சாவ மாநிலம் அனுமதிச்சாலும் மத்திய சட்டத்துக்குக் குத்தம்னு அந்தக் கேள்விக்குக் கீழயே போட்டிருக்கும். பொய் சொன்னா ஜெயிலு. பெறகு மாநிலப் போலீசுல ஒன் பேரச் சொல்லிச் சரிபாப்பான்.

எச்-1பி விசாவுல வந்த பயதானே நீ? ஒன்ன மாதிரி விசாக்காரன் துப்பாக்கி வச்சிருக்கவே கூடாதுங்குது மத்திய சட்டம். விலக்கு சிலது உண்டு. மாநிலம் குடுத்த வேட்டை உரிமம் கையில இருந்தா ஆகும். அதுக்கு மொதல்ல வேட்டை வகுப்பு படிச்சுப் பாஸ் பண்ணணும். துப்பாக்கிக்கு ஆசப்பட்டு வேட்டைக்குப் படிக்கணும். தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காதேம்பாவ. இந்த மாடு ஒன் பல்லப் பிடிச்சுப் பாக்கும்லே.

அதுக்குள்ள வேட்டைக்காரன் வேசம் மட்டும் பூராவும் வாங்கியாச்சு. இலை தழை அச்சடிச்ச கோட்டு முந்நூறு டாலரா? மான் கண்ணுல படக் கூடாதாம். ரொம்பச் சரி. ரைஃபிள் மான் சீசன்ல தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் சேத்து 250 சதுர அங்குலம் பளீர்னு ஆரஞ்சு தெரியணும்ங்குது பென்சில்வேனியா சட்டம். முந்நூறு டாலரு இலைய மறைக்க பத்து டாலரு ஆரஞ்சு பனியன்! அந்த ஆரஞ்சு மானுக்கு அவ்வளவாத் தெரியாது, நீலந்தான் நல்லாத் தெரியும். நீ கீழ என்ன போட்டிருக்கே? நீல ஜீன்ஸு. ஐஸ்பெட்டி 400 டாலரு. உள்ள என்ன இருக்கு? தயிர்ச்சோறு. பக்கத்து வீட்டுக்காரன் அப்பன் வச்சிருந்த துப்பாக்கியத் தொடச்சு எடுத்துட்டு, கிழிஞ்ச கோட்டோட விடியக்காலம் போயி மத்தியானத்துக்குள்ள மானோட வாரான். அவன் ஒரு போட்டோவும் போடல.

சீட்டு வாங்காதேன்னு நான் சொன்னேனா? வாங்கு. அந்தக் கழகத்துக்குக் காசு வேணும். புது வண்டி ஒண்ணு பல லட்சம் டாலரு. பென்சில்வேனியாவுல முக்காவாசிக்கு மேல சம்பளமில்லாத ஆளுகதான் தீயணைக்கப் போறாவ. 1970கள்ல சுமார் 3 லட்சம் பேரு இருந்தாவளாம். 2018ல மாநிலச் சட்டமன்றம் போட்ட குழு கணக்குப் போட்டுப் பாத்தா 40,000 கூட இல்ல. பியரோகி வாங்க வாரவன் உண்டு, சீட்டு வாங்க வாரவன் உண்டு, ராத்திரி ரெண்டு மணிக்குச் சங்கு ஊதுனா எந்திரிச்சு ஓட ஆளில்ல. துப்பாக்கி வச்சுத்தான் ஆளக் கூப்புட வேண்டியிருக்கு, பாவம்.

அதான் போன வாரம் சீட்டு விக்குத பாட்டிகிட்ட கேட்டேன். விசா, படிவம், வகுப்பு ஒண்ணும் வேண்டாமாம், சமையக்கட்டுல கூடமாட ஒத்தாச பண்ண ஆளு வந்தாப் போதுமாம். ஒன் பேரக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரச் சொன்னா. பியரோகிக்கு ஒரு மூட்ட உருளைக்கிழங்கு உரிக்கணும். கோட்ட வீட்டுல வச்சிட்டுப் போ, கறை பட்டா போகாது.