குடிக்கவில்லை, குறிப்பெடுக்கிறேன்

குடிக்கிற புருஷனுக்கு வீட்டில் என்ன மரியாதை என்பது ஊரறிந்த விஷயம். அதே புருஷன் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, "மால்ட் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று எழுதிக்கொண்டால் அது குடி அல்ல, ஆராய்ச்சி. மதுரையிலிருந்து ஓரிகன் மாநிலத்துக்குக் குடிவந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்தக் கண்டுபிடிப்புதான். இது தெரியாமல் ஊரில் எத்தனை குடும்பஸ்தர்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து காலத்தைக் கழிக்கிறார்கள்!

ஊரில் பியரைப் பற்றி நான் கற்றிருந்த மொத்த சாஸ்திரமும் ஒரே கேள்வியில் அடக்கம்: "கூலிங் இருக்கா?" தொட்டுக்கொள்ள மிக்சர், மாங்காய்ப் பத்தை, சம்பள வாரமென்றால் ஆம்லெட். எதற்கு எது பொருந்தும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. போர்ட்லண்டில் அப்படி இருந்தால் மதிக்கமாட்டார்கள். இங்கே வைட்மர் சகோதரர்கள் 1984இல் ஆலை தொடங்கி, 1986இல் கோதுமை பியரை வடிகட்டாமல் கலங்கலாகவே விற்றார்கள். ஜனங்களும் அதைப் பெருமையாக வாங்கிக் குடித்தார்கள். (எங்கள் வீட்டில் ரசம் கலங்கினால் அன்று முழுக்க அதே பேச்சு.) மலைக்கு அந்தப் பக்கம் பெண்ட் நகரத்தில் டெஷூட்ஸ் ஆலை 1988இலிருந்து கறுப்பு போர்ட்டர் காய்ச்சுகிறது. சந்துக்குச் சந்து ஓர் ஆலை, ஆலைக்கு ஆலை ஒரு தாடிக்காரர், தாடிக்குள்ளிருந்து ஒரு சொற்பொழிவு.

என்னை இதற்குள் இழுத்துவிட்டது அலுவலக நண்பர்கள். ஒரு மாலை விருந்தில் ஐ.பி.ஏ. வந்தது. விரித்துச் சொன்னால் இந்தியா பேல் ஏல். பெயரில் நாடு இருக்கிறதே, அந்த நாட்டுக்காரன் என்ன சொல்லப்போகிறான் என்று மேஜையே என்னைப் பார்த்தது. முதல் வாயிலேயே கசப்பு உச்சந்தலையில் ஏறியது. "இதுதான் ஒரிஜினல் டேஸ்ட்" என்று தலையாட்டி நாட்டின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கப் படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ ஆலையின் ஹாட்ஜ்சன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பியர் அனுப்பியிருக்கிறார். 1820களில் பர்ட்டன் ஊர் ஆல்சாப்பும் பாஸும் போட்டிக்கு இறங்கினார்கள். ஹாப்ஸ் பூவின் கசப்புக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பதால் நீண்ட பயணத்துக்கு அதைக் கூட்டிப் போட்டார்கள். குடித்ததும் வெள்ளைக்காரத் துரைகள், விற்றதும் வெள்ளைக்காரர்கள். இந்தியாவின் பங்களிப்பு வெயில் மட்டும்.

அடுத்த கட்டம் ஜெர்க்கி. பெட்ரோல் பங்கில்கூட ஒரு சுவர் முழுக்கத் தொங்கும் அமெரிக்க உப்புக்கண்டம்: மிளகு, டெரியாக்கி, தேன், மேப்பிள் பாகு, ஊறுகாய் வாசனை என்று வகைவகையாக. கிராஃப்ட் பியருக்கு இதுதான் ஜோடி என்று தாடிக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் ஜெர்க்கி என்றால் பெரும்பாலும் மாடு. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி வாசலைத் தாண்டாது. சட்டத்தில் சந்து கண்டுபிடிக்கும் வக்கீல் தோரணையில், பைசன் ஜெர்க்கி பாக்கெட் ஒன்றைச் சமையல் மேடையில் வைத்தேன். "இது மாடு இல்லம்மா. காட்டெருமை மாதிரி."

என் மனைவி பாக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எமதர்மராஜா வாகனத்துல கை வைக்கிறீங்களா? அதுவும் இந்த கொலஸ்ட்ராலோட?"

வான்கோழி என்று தீர்ப்பாயிற்று. கடை வான்கோழி ஜெர்க்கி தேனும் சர்க்கரையுமாக இனித்ததால் நானே போடுவது என்று முடிவு செய்து, தட்டு அடுக்கிய டீஹைட்ரேட்டர் ஒன்றை வாங்கினேன். வீட்டு அகராதியில் அதன் பெயர் 'காயவைக்கிற மிஷின்'.

முறை சுலபம் என்றுதான் போட்டிருந்தார்கள். கொழுப்பில்லாத கறியைப் பாதி உறைய வைத்தால் மெல்லிசாக, கால் அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கலாம். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் சவைக்கச் சவைக்க வரும். குறுக்கே வெட்டினால் பல்லுக்கு இதம். நான் வீரன், நார்த்திசையில் வெட்டினேன். பல் மருத்துவர் என் கடைவாய்ப் பல்லின் தொப்பியைத் திரும்ப ஒட்டும்போது எப்படிக் கழன்றது என்று விசாரித்தார். வாய் திறந்தபடி இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

பிறகு ஊறவைக்கும் படலம். சோயா சாஸ், பூண்டு, மிளகு, நாட்டுச்சர்க்கரை. கடைசியாகத் திரவப் புகை. மரத்தை எரித்து, புகையைக் குளிர்வித்து, தண்ணீரில் பிடித்து விற்கிறார்கள். மனைவி அந்தச் சின்னப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "புகையைப் பாட்டில்ல அடைச்சுக் காசுக்கு விக்கிறானா? எங்கம்மா ஊதுகுழல வச்சு வருஷக்கணக்கா ஊதி, அத்தனையும் தெருவுக்குச் சும்மா விட்டுச்சேங்க!"

வான்கோழியை முதலில் 74 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிட்டுத்தான் உலர்த்த வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. மிதமான சூட்டில் நேராகக் காயவைத்தால் ஈரம் போகிறதே தவிரக் கிருமி சாகாது. காய்ந்த கிருமி சூட்டைத் தாங்கவும் பழகிவிடுமாம். ஆகவே கறிக்குள் தெர்மாமீட்டர் செருகினேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது இத்தனை அக்கறை காட்டவில்லை என்று பின்னணியில் ஒரு குரல் கேட்டது. ராத்திரி முழுக்க மிஷின் ஓடியது. காலையில் தட்டைத் திறந்தால், நாலு பவுண்டு கறி ஒரு பவுண்டாகியிருந்தது. இதுதான் இயற்கையான கணக்கு, புத்தகத்திலேயே இருக்கிறது என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "முக்காப் பங்கைக் காத்துக்குக் குடுத்துட்டு, அதுக்குக் கரண்ட் பில்லும் கட்டுறோம்" என்று அவள் மதுரைக்கு வீடியோவில் தகவல் சொன்னாள்.

அத்தை முகம் திரை முழுக்க மலர்ந்தது. "மாப்ள, உப்புக்கண்டம் போடுறீங்களாமே! கல் உப்பு, மஞ்சள், வத்தல், பூண்டு அரைச்சுத் தடவி, கோணி ஊசியில நூல் கோத்து வெயில்ல கட்டணும். காக்கா பாத்துக்கிட ஆள் வேணுமே, அங்க யாரு இருக்கா?" மிஷினைக் காட்டினேன். ஊறவைத்த கலவையின் ஜாபிதாவையும் வாசித்தேன். நாட்டுச்சர்க்கரையில் அத்தை நிறுத்தினார்.

"கறியிலயா மாப்ள?"

"ஆமா அத்தை. டெரியாக்கி."

அந்தப் பக்கம் சற்று மௌனம். "வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?"

இனிப்பு இருந்தால்தான் போர்ட்டரோடு சேரும் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? போர்ட்டரின் மால்ட்டைக் கறுக வறுக்கிறார்கள். காபி, சாக்லேட் வாடை அதிலிருந்து வருகிறது. சோயாவும் சர்க்கரையும் காய்ந்து கருத்த டெரியாக்கித் துண்டும் அதே வறுவல் குடும்பம். ஒன்றை மென்று மற்றதை விழுங்கினால் இரண்டும் சம்பந்திகளாகிவிடும். ஐ.பி.ஏ.வுக்கு உப்பும் மிளகும் தூக்கலான துண்டு தேவை, ஏனென்றால் உப்பு கசப்பை அமுக்கும். மிளகாய்த் துண்டை மட்டும் ஐ.பி.ஏ. பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஹாப்ஸின் கசப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். போதாததற்கு, எரிச்சலை மூளைக்குச் சொல்லும் அதே நரம்பு வாயிலைச் சாராயமும் உசுப்பிவிடுகிறது. காரத்துக்குக் கோதுமை பியர்தான் மருந்து. இதையெல்லாம் நோட்டில் வர்ணப் பேனாக்களால் கட்டம் போட்டு எழுதினேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, என் கெமிஸ்ட்ரி ப்ராஜெக்டுக்குக் கூட இவ்ளோ ஹெல்ப் பண்ணலையே" என்றாள்.

அத்தையின் மசாலாவையே வான்கோழிக்குத் தடவிப் பார்த்தபோதுதான் வாழ்நாள் சாதனை கைகூடியது. அதற்குப் பொருத்தமாக நான் எடுத்தது பெல்ஜியத்து விட்பியர். கோதுமை, ஆரஞ்சுத் தோல், கூடவே கொத்தமல்லி விதை! ஹூகார்டன் கிராமத்தில் அந்த வகையே அழிந்துபோன பிறகு, பால்காரராக இருந்த பியேர் செலிஸ் 1966இல் மறுபடி காய்ச்சி உயிர் கொடுத்தார். பூண்டும் மஞ்சளும் மணக்கும் துண்டுக்கு அது அப்படிப் பொருந்தியது. உணர்ச்சிவசப்பட்டு மனைவியிடம் முழுச் சரித்திரத்தையும் சொன்னேன். "கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்க வச்சா அதுக்குப் பேரு கஷாயம்" என்றாள். சளிக்கு நல்லது என்றும் சேர்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது.

சட்டமும் என் பக்கம்தான். 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வீட்டுச் சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஆண்டுக்கு 100 காலன் பியர் வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். வயது வந்தோர் இரண்டு பேர் இருந்தால் 200. "உன் பங்கு 100 காலன் வருஷா வருஷம் வீணாப் போகுது" என்று ஆதங்கத்தோடு எடுத்துக் காட்டினேன். "அந்த அளவுக்கு இட்லி மாவு ஆட்டிக்கிறேன், கார்ட்டர் கோவிச்சுக்க மாட்டார்" என்று வழக்கை முடித்தாள்.

மற்ற உரிமைகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வடிவக் கிளாஸ் வேண்டுமே என்று வாங்கி அடுக்கியதில், உயரமான கோதுமை பியர்க் கிளாஸ்கள் ஜிகர்தண்டாவுக்குப் போய்விட்டன. டுலிப் கிளாஸில் பாயசம். காயவைக்கிற மிஷினில் இப்போது மணத்தக்காளி வத்தல், சுண்டைக்காய், மோர்மிளகாய். ஓரிகன் மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்டு மொத்தமாகக் கைப்பற்றிவிட்டாள். எனக்கு ஒதுக்கப்பட்டது கடைசித் தட்டு, அதுவும் அனுமதி பெற்று.

இத்தனைக்கும் தணிக்கை வேறு. ஓரிகனில் 1971லேயே பாட்டில் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவுக்கே அதுதான் முன்னோடி. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு. 5 சென்டாக இருந்ததை 2017இல் 10 ஆக்கிவிட்டார்கள். அந்த வருமானம் மகளுக்கு என்று ஒப்பந்தம். அவள் கொண்டுவரும் ரசீதில் பாட்டில் எண்ணிக்கை துல்லியமாக அச்சாகியிருக்கும். நான் நோட்டில் எழுதியிருப்பதையும் ரசீதில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மீதிக்குக் குறிப்பு எங்கே?" என்று மனைவி கேட்பாள். மாநில அரசே என் மனைவிக்கு வேலை பார்க்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர். எல்க் மான் ஜெர்க்கியைத் தானே போட்டு ஒரு பை கொண்டுவந்தார். அபாரமான சரக்கு. எதோடு சாப்பிடுவீர்கள் என்று நோட்டைத் திறந்துகொண்டு பரபரப்பாகக் கேட்டேன். மது பக்கம் போய் வெகுகாலம் ஆகிறது, ரூட் பியர்தான் என்று ஒரு கேனை நீட்டினார். பெயரில்தான் பியர், ஒரு வாய் குடித்தேன், முழங்கால் வலிக்கு அயோடெக்ஸை உள்ளுக்குச் சாப்பிட்டது மாதிரி இருந்தது. மரியாதைக்காக நோட்டில் ஏதோ எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். நல்லவேளை, தமிழ்.

செப்டம்பர் வந்தது. ஓரிகன் பியர்ப் பிரியர்களுக்கு அதுதான் திருவிழா மாதம். வில்லாமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் அறுவடை. வருஷம் முழுக்க உலர்த்திய பூவைப் போட்டுக் காய்ச்சுகிறவர்கள், அப்போது மட்டும் பறித்த ஒரு நாளுக்குள் பச்சைப் பூவாகவே அண்டாவில் கொட்டுவார்கள். அந்த வாசனை சில வாரங்கள்தான் நிற்கும். இதற்கென்று புது ஜெர்க்கி ஒன்றை மனதுக்குள் வடிவமைத்திருந்தேன்.

மனைவி காலண்டரைத் திருப்பினாள். புரட்டாசி.

கவுச்சி கிடையாது, முட்டைகூடக் கிடையாது. பெருமாளுக்கும் ஹாப்ஸ் விவசாயிகளுக்கும் யாராவது முன்கூட்டியே பேசி வைத்திருக்கலாம். "ஜெர்க்கிதானே கூடாது? பார்லி, தண்ணி, பூவு. பியர் சுத்த சைவம்" என்று வாதாடினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள், ஒத்துக்கொள்ளப் போகிற மாதிரியே இருந்தது. அப்போது பார்த்து மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, பியரைத் தெளிய வைக்க மீனோட காத்துப்பையைக் காயவச்சுப் போடுவாங்களாம். ஐசிங்கிளாஸ்னு பேரு. கின்னஸ்காரங்க கூட 2015லதான் அதை விடப்போறோம்னு சொல்லியிருக்காங்க."

பாட்டில் காசு கொடுத்து வளர்த்த பிள்ளை! அது இங்கிலாந்துப் பழக்கம், அமெரிக்க ஆலைகளில் அரிது என்று நான் சொன்னது எடுபடவில்லை. எழுத்தில் வேண்டும் என்றாள் மனைவி. ஆலைக்கு மின்னஞ்சல் எழுதினேன்: ஐயா, தங்கள் பியரில் மீன் உண்டா? இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மீன் இல்லை, குளிரவைத்துத் தானாகத் தெளியவிடுகிறோம், தங்களுக்கு ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கரிசனமாக விசாரித்திருந்தார்கள். அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், திருப்பதி வெங்கடாசலபதி காந்தத்துக்குக் கீழேயே மாட்டினேன்.

"சரி, குடிங்க" என்று அனுமதி கிடைத்தது. அதோடு, ஆராய்ச்சிக்குத் தொட்டுக்க ஒன்றும் இல்லாமல் கஷ்டப்படுகிறேனே என்று, தன் மிஷினில் காய்ந்த மோர்மிளகாயை எண்ணெயில் பொரித்து, சூடாக ஒரு கிண்ணம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பச்சை ஹாப்ஸ் ஐ.பி.ஏ. ஒரு கையில், மோர்மிளகாய் மறு கையில். வர்ணப் பேனாவில் கட்டம் போட்டு நானே எழுதிய விதி எனக்கு மனப்பாடம். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் பியர் குடிக்க அவளாக ஒன்றைப் பொரித்துத் தருவது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? கடித்தேன். குடித்தேன். எரிச்சல் இரண்டு காதிலும் இறங்கியது.

"என்னங்க, கண்ணுல தண்ணி?"

"ஹாப்ஸ் வாசனை" என்றேன்.

"அப்ப அதையும் எழுதிக்கங்க" என்று நோட்டை நகர்த்திவைத்து, கிண்ணத்தில் இன்னும் நாலு மிளகாயைப் போட்டாள்.