ஒன்பதாம் வகுப்பும் ஏழாம் நம்பரும்

எனக்கு ஆட்களை முகத்தைப் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாது. காலைப் பார்த்தால் தெரியும். இருபது வருஷமாக ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் க்யூ.சி. என்கிற தரம் பார்க்கும் வேலை. தினம் நூற்றுக்கணக்கான ஜோடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பழக்கத்தில், கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அவர் வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத்தான் பார்ப்பேன். "தலையைக் குனிஞ்சுக்கினே போறீங்க, ஊர்ல திமிர் பிடிச்ச மனுஷன்றாங்க" என்பாள் மனைவி. 2020இல் ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு எதிரே வருவது யாரென்று தெரியாமல் விழித்தபோது, எங்கள் வேலூர் பாகாயத்தில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் நான்தான்.

அந்தத் திறமை நன்றாகப் பயன்பட்ட நாள் 2020 நவம்பர் 9, திங்கட்கிழமை. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகளை நவம்பர் 16 அன்று திறப்பதாக அக்டோபர் கடைசியில் அரசு அறிவித்தது. அறிவித்த பிறகு, எதற்கும் பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற நம் வழக்கம்தான்.

கூட்டத்துக்குப் போகுமுன் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் ஒன்பதாவது. சின்னவள் இரண்டாவது. போன் ஒன்று. மத்திய அரசு ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்படி எட்டாவது வரை ஒரு நாளைக்கு இரண்டு ஆன்லைன் வகுப்பு, ஒன்பதாவதுக்கு மேல் நான்கு. ஆக ஆறு வகுப்பு, ஒரே போன். அதில் இரண்டு வகுப்பு சரியாகக் காலை பத்து மணிக்கே வரும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாராவது கணக்குப் போட்டார்கள் என்றால் அது இந்தக் கணக்குதான்.

போனை வீட்டில் விட்டுவிட்டு நான் பட்டன் போனோடு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்ததும் போன் என் கைக்கு வரும். அப்போது கம்பெனி குரூப்பும் ஸ்கூல் குரூப்பும் அடுத்தடுத்து நிற்கும். ஒரு நாள் பசை வழிந்த ஒரு ரிஜெக்ட் ஷூவின் போட்டோவை மேனேஜருக்கு அனுப்புவதாக நினைத்து இரண்டாம் வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டேன். நாற்பது வீட்டுப்பாடங்களை ஒரே மூச்சில் திருத்திக்கொண்டிருந்த டீச்சர், "வெரி குட், நீட் வொர்க்" என்று பதில் போட்டார். என் சர்வீஸில் ஒரு ரிஜெக்ட் பீஸுக்கு இப்படிப் பாராட்டு கிடைத்ததே இல்லை. சின்னவளின் கழித்தல் கணக்கு மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் பார்த்துவிட்டு, "ரீ-வொர்க் பண்ணி நாளை காலைக்குள் அனுப்பவும்" என்றார். கணக்கும் தப்பாகத்தான் இருந்தது.

எங்கள் அம்மா அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. அவருக்கு ஆன்லைன் வகுப்பின் மேல் மரியாதை இல்லை. போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "எங்கடா கீறாரு வாத்தியாரு? சத்தம் மட்டும் கேக்குது, கிணத்துல விழுந்தாப்பல" என்றார். ஆனால் கல்வித் தொலைக்காட்சி பிடித்துப்போனது. 2019 ஆகஸ்டில் தொடங்கியபோது எங்கள் தெருவில் யாரும் கவனிக்காத சேனல் அது. அம்மா பத்தாம் வகுப்பு அறிவியலைத் தவறாமல் பார்த்தார். அந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவரே.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். இதில் ஜலகண்டேஸ்வரர் 1981இலேயே கோட்டைக் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டார். காலியான அந்த இடத்தை 2020இல் பிள்ளை இல்லாத பள்ளிக்கூடம் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊரில் அந்த நாளில் எல்லாமே எல்லை போடுகிற வேலைதான். 2020 ஏப்ரலில் ஆந்திர எல்லையில் சைனகுண்டா பக்கம் சாலைக்குக் குறுக்கே சுவரே கட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இடித்தார்கள். வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கியது 2019 நவம்பர் கடைசியில். பாகாயம் வேலூரோடு நின்றது, ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது. அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. மறு வருஷம் மாவட்டம் தாண்ட இ-பாஸ் என்றதும்தான் உறைத்தது. இருபது வருஷமாகத் தூங்கிக்கொண்டே போய் இறங்கிய இடத்துக்கு, வெளிநாடு போவதுபோலக் காகிதம் வைத்துக்கொண்டு போனேன்.

பள்ளியைத் திறக்கலாமா கூடாதா என்று யாரிடமாவது யோசனை கேட்கலாம் என்றால், பாகாயத்தில் யோசனைக்குப் பஞ்சமில்லை. மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர். தடுக்கி விழுந்தால் தூக்கிவிட ஒரு நர்ஸ் வருவார். டி.வி.யில் நாட்டுக்கே வைரஸ் பாடம் எடுத்த ககன்தீப் காங் அப்போது எங்கள் கல்லூரிப் பேராசிரியர். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஜேக்கப் ஜான். இந்தப் பெருமையில் எங்கள் டீக்கடைக்காரரும் பாதி வைராலஜிஸ்ட் ஆகியிருந்தார். "பசங்களுக்கு வராதுபா. வந்தாலும் தெரியாது. ஆனா வீட்ல கீற பெருசுங்களுக்குக் குடுத்துடுவானுங்க" என்று சர்க்கரையைக் கலக்கியபடியே சொல்வார். யோசித்துப் பார்த்தால், பேராசிரியர்கள் மணிக்கணக்கில் விளக்கியதும் ஏறக்குறைய அதுதான்.

பெரியவன் திறக்கக் கூடாது என்ற கட்சி. ஆன்லைன் வகுப்பில் அவன் கற்றது எதையும் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தை. 1937இல் சிகாகோவில் போலியோ பரவியபோது பள்ளிகளை மூடிவிட்டு ரேடியோவில் பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பாடம் நடத்தினார்களாம். "அப்பவே முடிஞ்சிருக்குப்பா" என்றான். நானும் விடவில்லை. 1918 ஃப்ளூவில் நியூயார்க் நகரம் பள்ளிகளைத் திறந்தேதான் வைத்திருந்தது என்று எடுத்துப்போட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "நியூயார்க்கும் சிகாகோவும் ஒரு பக்கம் கெடக்கட்டும். இங்க நாலு வேளை காபித் தம்ளர் கழுவறது யாரு? அதுக்கு எந்த ஊர்லயாச்சும் வழி சொல்லிக்கீறாங்களா பாருங்க."

சின்னவளின் பிரச்சினை வேறு. ஜூலையில் அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறியவேண்டும் என்றார் அம்மா. இவள் தரமாட்டேன் என்று பிடிவாதம். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழிக்குக் காட்டவேண்டுமாம். ஒரு நாள் ஆன்லைன் வகுப்பில் கேமராவுக்கு நேராகப் பல்லைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். டேட்டா தீர்ந்துவிடும் என்று அந்தத் தோழி வீட்டில் வீடியோவை அணைத்து வைத்திருந்தார்கள். பல் காலியான மாத்திரை டப்பாவுக்குள் போய்விட்டது. பள்ளி திறக்கும்வரை அது அங்கேதான்.

எனக்கும் ஒரு கருத்து இருந்தது, தொழில்முறைக் கருத்து. வொர்க் ஃப்ரம் ஹோம் என்பது கொரோனா கொண்டுவந்தது என்று சென்னைக்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் தோல் சீமையில் பெண்கள் எத்தனையோ வருஷமாக வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் என்கிற மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறார்கள், ஜோடிக்கு இத்தனை என்று கூலி. ஆனால் வீட்டில் தைக்கிறது அப்பரோடு சரி. தைத்த அப்பர் தொளதொளவென்று சுருக்குப் பை மாதிரி கிடக்கும். கம்பெனிக்கு வந்து லாஸ்ட் என்கிற அச்சுக் காலில் ஏற்றி இழுத்து, சூடு காட்டி, அடி ஒட்டினால்தான் அது ஷூ. பாடமும் அப்படித்தான், வீட்டில் தைக்கலாம், வடிவம் வருவது அங்கே போய் மற்றவனோடு இடித்து நெருங்கினால்தான் என்றேன். வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மனைவி, "நம்ம புள்ளைங்க இன்னா தோலா?" என்றாள்.

கூட்டத்தன்று பள்ளி வாசலில் காய்ச்சல் பார்க்கிற ஒரு துப்பாக்கியை நெற்றிக்கு நேராக நீட்டினார்கள். உள்ளே நாற்காலிகள் சண்டை போட்ட பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி இருந்தன. எல்லோரும் முகத்தை மூடியிருந்தார்கள். நான் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் வரிசையில் ஒரு ரப்பர் செருப்பு. விரலிடுக்கில் நீலச் சாயம். தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர் என்று தெரிந்தது. எழுந்து, "திறந்துடுங்க சார். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், வீட்ல பாக்க ஆளில்ல. வாங்கின போனுக்கே இன்னும் தவணை போவுது" என்றார். அடுத்து பெல்ட் அறுந்து ஆணி அடித்த சாண்டல். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், மார்ச்சிலிருந்து சவாரி இல்லை. அவர் நாளைக்கே திறக்கச் சொன்னார். பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒன்று, "40 சதவீத ஃபீஸ் வாங்கலாம்னு ஹைகோர்ட் சொன்னுது, வாங்கிட்டீங்க. 40 சதவீதம் பாடம் நடந்துச்சா?" என்று தலைப்பையே மாற்றிவிட்டது.

கடைசியில் ஒரு வெள்ளை ஷூ. நர்ஸம்மா. நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். கால்மேல் கால் போட்டிருந்ததால் அடி தெரிந்தது. சாதாரணமாக ஒருவர் நடந்தால் குதிகால் ஓரமாகத் தேயும். இவருடையது முன், பின், நடு என்று பலகையை இழைத்த மாதிரி ஒரே சீராகத் தேய்ந்து, வரி ஒன்றுகூட மிச்சமில்லை. நடந்த தேய்மானம் இப்படி இருக்காது. இது நின்று நின்று தேய்ந்தது. "இப்ப வேணாம் சார்" என்றார், அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கருத்தெல்லாம் காலில் இருந்துதான் வந்தது என்று எனக்குப் பட்டது. யார் எங்கே போய் நிற்கவேண்டியிருந்ததோ, அதுதான் அவர் கருத்து. ஆனால் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கருத்தில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை: பள்ளி திறக்கட்டும், மற்றவர் பிள்ளைகள் ஒரு வாரம் போகட்டும், ஒன்றும் ஆகவில்லை என்றால் எட்டாம் நாள் என் பிள்ளையை அனுப்புகிறேன். எங்கள் கம்பெனியில் இதற்கு சாம்பிள் பார்ப்பது என்று பெயர். ஒரு லாட்டில் நாலு ஜோடியை எடுத்து முறுக்கி, வளைத்துப் பார்ப்போம். அந்த நாலு ஜோடியாக இருக்க எந்த ஷூவும் ஆசைப்படாது.

கருத்தைக் குறிக்கக் கொடுத்த தாளில் இரண்டு கட்டம்: திறக்கலாம், வேண்டாம். மனைவி வேண்டாம் என்று போடச் சொல்லியிருந்தாள், அம்மா திறக்கச் சொல்லியிருந்தார். நான் இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல் டிக் போட்டேன். வாங்கிப் பார்த்த சார், "எதாச்சும் ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார். தினம் நூற்றுக்கணக்கான ஜோடிக்கு பாஸ், ரிஜெக்ட் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்கிறவன், ஐந்து நிமிடம் பேனாவைக் கடித்துவிட்டு, 'அரசு முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரசு என் முடிவுக்குக் காத்திருந்தது, நான் அரசின் முடிவுக்குக் காத்திருந்தேன். நவம்பர் 12 அன்று, திறப்பு தள்ளிவைப்பு என்று செய்தி வந்தது.

இதற்கெல்லாம் முன்பே ஒரு தவறு செய்திருந்தேன். எப்படியும் திறந்துவிடுவார்கள் என்று 2020 ஜூனிலேயே பெரியவனுக்கு ஆறாம் நம்பரில் கறுப்பு ஷூ வாங்கி வைத்திருந்தேன். 2021 ஜனவரியில் மறுபடி பெற்றோரைக் கேட்டார்கள். 19ஆம் தேதி பத்தும் பன்னிரண்டும் திறந்தன. பிப்ரவரி 8 அன்று ஒன்பதாவது. காலையில் ஷூவை எடுத்தால் கால் உள்ளே போகவில்லை. ஷூ கம்பெனிக்காரன் மகன் முதல் நாள் செருப்போடு பள்ளிக்குப் போனான். சாயங்காலம் ஏழாம் நம்பர் வாங்கினேன். பதினேழு நாள் கழித்து, பிப்ரவரி 25 அன்று ஓடிவந்தான்.

"ப்பா, நான் பாஸ்!"

"எந்தப் பரீட்சைடா?"

"பரீட்சையே இல்லப்பா. ஒன்பது, பத்து, பதினொண்ணு எல்லாரும் பாஸ். முதலமைச்சர் சொல்லிட்டாரு."

எட்டாவதிலும் அப்படித்தான் தேறியிருந்தான். என் சர்வீஸில் ஒரே லாட்டை இரண்டு முறை பார்க்காமலே பாஸ் போட்டதில்லை. மார்ச் 22 அன்று அவன் வகுப்புக்கு மறுபடி பூட்டு. பிறகு இரண்டாவது அலை. அந்த மாதங்களைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்குத் தெரியாது.

2021 செப்டம்பர் 1, பத்தாவது. எட்டாம் நம்பர். கொடுத்துவிடலாம் என்று பழைய இரண்டு ஜோடியையும் எடுத்து, பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். ஆறாம் நம்பர் அடியில் விலைச் சீட்டு அப்படியே இருந்தது. ஏழாம் நம்பர் உழைத்தது ஆறே வாரம். ஆனால் முன்பக்கம் பாலிஷ் எல்லாம் போய் உரசி, மூக்கு வெளுத்திருந்தது. வரிகளுக்குள் மைதானத்துச் செம்மண். வகுப்பில் உட்கார்ந்த ஷூவுக்கு மூக்கு தேயாது. நவம்பர் 9 அன்று எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்கவேண்டும் என்பது பத்து மாதம் கழித்து அந்த மூக்கைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்று முதல் எட்டு வரை நவம்பர் 1 அன்று திறந்தார்கள். அந்த மாதமே தண்ணீர் இல்லாத ஆறு என்று பெயர் வாங்கிய பாலாறு கரை புரண்டு ஓட, திறந்த பள்ளிக்கு மழை லீவு விட்டார்கள். முதல் நாள் மட்டும் நல்ல வெயில். சின்னவள் இப்போது மூன்றாவது. இசைவுக் கடிதத்தை வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டேன்: பேனா, பென்சில், தண்ணீர் பாட்டில், சாப்பாடு எதையும் அடுத்த பிள்ளையோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது.

சாயங்காலம் மாத்திரை டப்பாவை நீட்டினாள். விழுந்த இடத்தில் புதுப் பல் முளைத்தே ரொம்ப நாளாகியிருந்தது. திறந்து பார்த்தேன். இருபது வருஷம் க்யூ.சி. பார்த்த கண், இது எங்கள் வீட்டுப் பீஸ் இல்லை, கொஞ்சம் சின்னது, ஓரத்தில் சொத்தை.

"அவளும் எடுத்தாந்திருந்தா ப்பா. மாத்திக்கினோம்."

கடிதத்தின் நகலை எடுத்து இன்னொரு முறை படித்தேன். பல்லைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.