தூங்கா நகரத்துத் தலைவலி: வாசகர் கேள்வி – பதில்

ஒற்றைத் தலைவலிக்கும் நம்ம மதுரைக்கும் பழைய சொந்தம் ஏதும் உண்டா?
– வாசகர், சிம்மக்கல்

உண்டு. அதுவும் புலவர் வழிச் சொந்தம். மதுரையில் கூலவாணிகம் செய்த சீத்தலைச் சாத்தனார், பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வார், அந்தப் புண்ணும் வலியும் ஆறவே இல்லை என்பது செவிவழிக் கதை. திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் உள்ள வெண்பா இந்தத் தலைவலியைப் பற்றியதுதான். சீந்தில் சர்க்கரையும் சுக்கும் தேனில் கலந்து மோந்தால் ஊராருக்குத் தலைக்குத்து தீரும், சாத்தனாருக்கோ வள்ளுவரின் முப்பாலால் தீர்ந்தது என்கிறார் அவர். ஒரு நூலைப் புகழ வந்த பாட்டுக்குள் மருந்துச் சீட்டையும் எழுதிவைத்த அந்த மருத்துவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கதைப்படி சாத்தனாருக்கு இருந்தது காயத்தின் வலி. ஒற்றைத் தலைவலி மண்டைக்குள்ளிருந்தே கிளம்புவது. அது வந்துவிட்டால் ஒன்றே முக்கால் அடியைக்கூடக் கண் திறந்து படிக்க முடியாது. எனவே குறளை வலி இல்லாத நாளில் படியுங்கள். வலி வரும் நாளுக்கு என்ன செய்யலாம் என்பதைக் கீழே பார்ப்போம்.

எனக்கு ரெண்டு பக்கமும் வலிக்குது. அப்ப இது ஒற்றைத் தலைவலி இல்லையா? ஸ்கேன் எடுக்கணுமா?
– வாசகி, செல்லூர்

இரண்டு பக்கமும் வலித்தாலும் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். வேறு சிலவற்றைக் கவனியுங்கள். விண்விண்ணென்று தெறிக்கிறதா? மாடிப்படி ஏறினால் கூடுகிறதா? குமட்டுகிறதா? ட்யூப்லைட் வெளிச்சமும் பாத்திரச் சத்தமும் தாங்க முடியவில்லையா? மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை படுத்துகிறதா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'ஆமாம்' என்றால், அதுவும் பல தடவை இப்படி வந்திருந்தால், மருத்துவர் உங்கள் கதையைக் கேட்டே சொல்லிவிடுவார். பெரும்பாலோருக்கு ஸ்கேன் தேவைப்படாது. கதை கேட்கப் பொறுமை உள்ள மருத்துவர்தான் தேவை.

நீங்கள் தனி ஆளும் இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு அந்த ஓராண்டில் ஒற்றைத் தலைவலி இருந்தது. செல்லூர்த் தெருவிலும் உங்கள் வீட்டுக்கு முன்னே பின்னே யாராவது இருட்டறையில் படுத்திருப்பார்கள்.

கண்ணாடி மாத்தியும் வலி போகல. வலிக்கு முன்னால கண்ணுல மின்னல் மாதிரி நெளி நெளியா தெரியுது. கண்ணுலதானே கோளாறு?
– வாசகர், அண்ணா நகர்

தலை வலித்தால் கண்ணைக் காட்டுவது மதுரைக்காரர்களின் நல்ல பழக்கம். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரில் இருப்பதால் வந்த பழக்கம் அது. கண்ணை ஒரு தடவை காட்டியாகிவிட்டது, சரி. ஆனால் அந்த நெளிமின்னல் கண்ணில் தோன்றுவதில்லை. பின்மண்டையில் பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் ஒரு மின் அலை மெல்லப் பரவிக்கொண்டு போகிறது. அது போகும் வழியெல்லாம் உங்களுக்கு நெளிகோடாகத் தெரிகிறது. அடுத்த முறை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் அது மூளையின் வேலை. பொதுவாக 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரங்கட்டுங்கள்.

சைனஸ்தான்னு நெனச்சு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறேன். சரியா?
– வாசகர், பேரையூர்

ஆவி இதமாக இருக்கும், நோய் வேறாக இருக்கும். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தவை ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகள். ஒற்றைத் தலைவலியிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும். பச்சைச் சளியும் காய்ச்சலும் இல்லாமல் மாதாமாதம் வரும் சைனஸை நம்பாதீர்கள்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சா மத்தியானம் மண்டையிடி நிச்சயம். வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.
– வாசகி, திருமங்கலம்

நான் நம்புகிறேன். மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கரும் நம்பினார். தலைக்குக் குளிப்பதால் வலி கிளம்பும் 94 இந்தியர்களைப் பற்றி 2006இல் மருத்துவ இதழில் எழுதினார். வெளிநாட்டுப் புத்தகங்களில் அதிகம் இல்லாத இந்தக் காரணம், நீளமான கூந்தலை வாரத்துக்கு இரண்டு முறை அலசும் நம் பெண்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் உங்கள் வெள்ளிக்கிழமையை முழுதாகப் பாருங்கள். வழக்கத்தைவிட முன்னதாக எழுகிறீர்கள். தலைக்கு ஊற்றி ஈரத்தோடு முடிந்துகொள்கிறீர்கள். விரதம் என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளுகிறீர்கள். சாம்பிராணிப் புகை, கோயில் வரிசை, வெயில். மதியம் வரை ஒரு சொம்புத் தண்ணீர் குடித்திருப்பீர்களா என்பதே சந்தேகம். தனியாக வந்தால் உடம்பு தாங்கிக்கொள்ளும் காரணங்கள் ஒரே காலையில் கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன. குளியலை வேறு நாளுக்கு மாற்றுங்கள். முந்தைய நாள் மாலையே குளித்து, கூந்தலை நன்றாக உலர்த்திவிட்டுப் படுக்கலாம். விரத நாளிலும் பாலும் பழமுமாவது நேரத்துக்கு உள்ளே போகட்டும். மீனாட்சி பசித்த வயிற்றோடு வா என்று யாரையும் கேட்டதில்லை.

இந்த நோய் உள்ளவரின் மூளைக்குத் திடீர் மாற்றம் ஆகாது. தூக்கம் குறைந்தாலும் வலி, ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கினாலும் வலி. காபி அதிகமானாலும் வலி, ஒரு நாள் நின்றாலும் வலி. எழும் நேரம், உண்ணும் நேரம், தண்ணீர், காபி எல்லாம் ஏழு நாளும் ஒரே மாதிரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ராத்திரி 1 மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

பூ கட்டுறதுதான் பொழப்பு. மல்லிகை வாசமே இப்ப வலியைக் கெளப்புது. தொழிலை விடணுமா?
– வாசகி, ஊமச்சிகுளம்

விட வேண்டாம் அம்மா. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் பெருமையே அந்த வாசம்தான், அது உங்களைப் படுத்துவது பெரிய அநியாயம். கடும் வாசனை வலியைக் கிளப்புவது உண்மை. அதோடு, வலி கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே மூளை மாறத் தொடங்கிவிடும். அப்போது கொட்டாவி வரும், இனிப்பு தேடும், நேற்று மணத்த பூ இன்று தலையைக் குடையும். வாசத்தால் வலி வந்ததா, வலி வரப்போவதால் வாசம் தாங்கவில்லையா என்று பிரிப்பது எளிதல்ல.

மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நடுராத்திரியில் எழுந்து போகிறீர்களா? அப்படியானால் பூவைவிட அந்தத் தூக்கம்தான் எனக்குக் கவலை. போகுமுன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். அடைத்த அறையில் உட்காராமல் காற்றோட்டமான திண்ணையில் கட்டுங்கள். இரவில் போன தூக்கத்தைப் பகலில் தினமும் ஒரே நேரத்தில் ஈடுகட்டுங்கள். மாதத்துக்கு நான்கு நாளுக்கு மேல் வலித்தால், வலி வராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள்.

ஜிகர்தண்டா குடிச்சதும் நெத்தி சுளீர்னு இழுக்குது. அதுவும் இதேதானா?
– வாசகர், விளக்குத்தூண்

இல்லை. அது அண்ணத்தில் குளிர் பட்டதால் வரும் வலி, கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அது சுலபமாக வரும். மெதுவாகக் குடியுங்கள். ஜிகர்தண்டாவை ஒரே மடக்கில் குடிப்பது அதற்கும் மரியாதை இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு ஒவ்வொரு வருசமும் போறேன், அழகர் ஆத்துல எறங்கும்போது நான் எங்கயாவது தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்.
– வாசகி, தல்லாகுளம்

எதிர்சேவை பார்க்க ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு, விடியலில் ஆற்றுக்குள் நெரிசல், பிறகு வெயில். உங்கள் மூளை எதிர்ப்புத் தெரிவிக்காமல் என்ன செய்யும்? இந்த வருடம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதிர்சேவை என்றால் மறுநாள் காலை வீட்டில் உறங்குங்கள். ஆற்றில் இறங்குவதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் முந்தைய இரவு சீக்கிரம் படுங்கள். பையில் தண்ணீர், கடலை மிட்டாய், கறுப்புக் கண்ணாடி, உங்கள் மாத்திரை இருக்கட்டும். தலை கனக்கத் தொடங்கிய உடனே மாத்திரையைப் போடுங்கள், 'பார்த்துட்டுப் போட்டுக்கலாம்' என்று தள்ளாதீர்கள். வலி முற்றினால் இரைப்பையும் வேலையைக் குறைத்துவிடும், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். நீர்மோர்ப் பந்தல் கண்ணில் பட்டால் நின்று குடியுங்கள்.

ஆட்டோ ஓட்டுறேன். மெடிக்கல்ல தலைவலி மாத்திரை வாங்கி தெனமும் போடுறேன். முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள் வந்த வலி இப்ப தெனமும் வருது.
– வாசகர், ஆரப்பாளையம்

அண்ணே, இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்கு அதிகக் கவலை தந்தது உங்களுடையதுதான். தினமும் வரும் வலிக்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். பாராசிட்டமால், இபுப்ரோஃபன் போன்ற சாதா வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரைகள், எர்காட், டிரிப்டான் வகைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேல் போட்டுவந்தால் மருந்தே வலியைக் கொண்டுவரும். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. வலித்தது, கடையில் கொடுத்தார்கள், போட்டீர்கள். அட்டையின் பின்னால் இதை யாரும் பெரிய எழுத்தில் எழுதவில்லை.

மருத்துவரிடம் போய் எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள். நிறுத்தியதும் சில நாள் வலி கூடும், சிலருக்கு இரண்டு வாரம் வரைகூட. அதைத் தாண்டினால் பெரும்பாலோருக்குக் குறைகிறது. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தக் கூடாது, அதனால்தான் மருத்துவர் துணை வேண்டும் என்கிறேன். கூடவே தடுப்பு மருந்து தொடங்குவார்: ப்ரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் என்று உங்கள் உடம்புக்கு ஏற்றது. ப்ரோப்ரனோலால் முதலில் இதயத்துக்காக வந்த மருந்து. நெஞ்சுவலிக்குக் கொடுத்தபோது கூடவே தலைவலியும் குறைந்ததை 1960களில் கண்டுகொண்டார்கள். ஆஸ்துமா இருந்தால் அது கூடாது, முன்பே சொல்லிவிடுங்கள். தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பத்து நாளில் 'இது ஒண்ணும் கேக்கல' என்று விட்டுவிடாதீர்கள்.

மாத விலக்குக்கு ரெண்டு நாள் முன்னால தவறாம வருது. என்ன செய்ய?
– வாசகி, வாடிப்பட்டி

அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்குவதுதான் காரணம். தேதி முன்கூட்டியே தெரிவதால் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் தடுப்பு மருந்து எடுக்கும் முறை உண்டு. முக்கியமான ஒன்று: வலிக்கு முன் நெளிமின்னல் தெரியும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பது பக்கவாத ஆபத்தைக் கூட்டும். மகப்பேறு மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

என் மருமக வேலை சொன்னா உடனே தலைவலின்னு படுத்துக்கிறா. திருஷ்டி சுத்திப் போட்டும் போகல. நடிப்புதானே?
– வாசகி, உசிலம்பட்டி

இல்லை அம்மா. 2019ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கில், மனிதரை முடக்கிப்போடும் காரணங்களில் ஒற்றைத் தலைவலி இரண்டாம் இடம். இளம் பெண்களை மட்டும் எடுத்தால் முதல் இடம். முகத்துக்கும் மூளையின் உறைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு முனைகளில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு சுரந்து வலியைத் தூண்டுவதைக் கண்டறிந்து, அதைத் தடுக்கும் மருந்துக்கு வழிதிறந்த நான்கு விஞ்ஞானிகளுக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான பெரிய பரிசு கொடுத்தார்கள். நடித்தால் இந்தப் புரதம் சுரந்துவிடாது. மிளகாய் உப்பு சுற்றிப் போடுங்கள், தடையில்லை, ஆனால் மிளகாயை அடுப்பில் போடாதீர்கள். அந்த நெடி அவருடைய வலியை இரட்டிப்பாக்கும். இது குடும்பவழி வரும் நோய். உங்கள் மகன்வழிப் பேத்திக்கும் வரலாம். அவள் படுக்கும்போது நீங்கள் யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

எந்தத் தலைவலிக்கு உடனே ஓடணும்?
– வாசகர், மேலூர்

ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் காணாத வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்தால். கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால். தலையில் அடிபட்ட பிறகு வந்தால். கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாகக் கடுமையாக வந்தால். இவற்றில் எதுவானாலும் 108ஐக் கூப்பிடுங்கள், தைலம் தேய்த்துப் பார்க்கக் காத்திருக்காதீர்கள். 50 வயதுக்கு மேல் முதல் முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

என் வீட்டம்மாவுக்கு மாசம் நாலஞ்சு தடவை வருது. பக்கத்துல உக்காந்து 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேட்டாக்கூட கோவப்படுறாங்க. நான் என்னதான் செய்யணும்?
– வாசகர், அவனியாபுரம்

கேட்பதை நிறுத்துங்கள். உங்கள் அன்பான குரலும் அப்போது அவருக்குச் சத்தம்தான். ஜன்னலைச் சாத்துங்கள், விளக்கையும் டிவியையும் அணையுங்கள், பிள்ளைகளை மாடிக்கோ தெருமுனைக்கோ கூட்டிப்போங்கள். ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போடுங்கள், இறுக்கிக் கட்டச் சொன்னால் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு வாளி இருக்கட்டும். அன்றைக்குத் தாளிக்காத சமையலாகப் பாருங்கள். 'என்ன சமைக்கட்டும்?' என்று மட்டும் அவரிடம் போய்க் கேட்காதீர்கள்.

வலி தெளிந்த பிறகு உங்களுக்கு இன்னொரு வேலை. சுவரில் தொங்கும் காலண்டரில் வலி வந்த தேதியை வட்டமிடுங்கள். அன்று போட்ட மாத்திரை, முந்தைய இரவுத் தூக்கம், தவறிய சாப்பாடு, விலக்கு நாள் ஆகியவற்றைப் பக்கத்திலேயே குறியுங்கள். மாதம் நான்கைந்து முறை என்றால் தடுப்பு மருந்து பற்றிப் பேசவேண்டிய கட்டம் வந்துவிட்டது. இரண்டு மாதத் தாள்களைக் கிழிக்காமல் வைத்து மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அங்கே அவரே பேசட்டும், நீங்கள் காலண்டரைக் காட்டினால் போதும்.