ஒரு சொட்டு போதும்

கெடாவில் குழாய் வறண்டால் புலம்புபவர்கள் கலைக்கண் இல்லாதவர்கள். மேக்ரோ லென்ஸ்காரருக்கு ஒரு சொட்டே தாராளம். 1957இல் ஹெரால்ட் எட்ஜர்ட்டன், பால்துளி ஒன்று விழுந்து தெறிப்பதை மகுடமாகப் பிடித்த படம் உலகப் புகழ் பெற்றது. நம் தோட்டத்துப் பாட்டன்மார் மங்கில் எத்தனை ரப்பர் பால் சொட்டுகளைப் பார்த்திருப்பார்கள்? ஒரு படம் உண்டா? பொறுப்பே இல்லை.

சுங்கைப்பட்டாணி நண்பர் அந்தக் களங்கத்தைத் துடைக்கிறார். குழாயின் கடைசிச் சொட்டில் கிளிசரின் கலக்கிறார். துளி சீக்கிரம் காயாது. தனக்குப் பின்னால் இருப்பதைத் துளி தலைகீழாகக் காட்டும். ஆகவே கவிழ்த்த காலி வாளி படத்தில் நிமிர்ந்துவிடுகிறது! மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்: ஒரு துளியை ஆயிரமாக நகலெடுத்தார், பெடு அணையே திரையில் தளும்பியது.

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டார்: "அரிசி களையத் தண்ணி எங்கடா?"

"எத்தனை மெகாபிக்சல்ல வேணும்மா?"