மலாய் தெரியாத இங்கிலீஷ் வாத்தியார்

மலாக்காவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றபோது திருச்சியில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பெரியப்பா மட்டும், "ஏன்டா, வெள்ளைக்காரன் போகும்போது அதையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயிட்டானா?" என்று கேட்டார். விசாரித்ததில் அப்படி எதுவும் நடந்திருக்கவில்லை. பின்னாளில் மலாக்கா ஹை ஸ்கூல் ஆன இலவசப் பள்ளி அங்கே 1826இலேயே தொடங்கிவிட்டது. அதே வருஷம் எங்கள் திருச்சியில் இங்கிலீஷ் சம்பந்தமாக நடந்ததாக எனக்குத் தெரிந்த ஒரே சம்பவம், பிஷப் ஹீபர் குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனது. நான் படித்த செயின்ட் ஜோசப் கல்லூரி பிறந்தது 1844இல், அதுவும் நாகப்பட்டினத்தில். திருச்சிக்கு வந்து சேர 1883 ஆகிவிட்டது. ஆக, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் புறப்பட்ட கதைதான். ஆனால் ஊசிக்கு விலை ரிங்கிட்டில் என்றார்கள். புறப்பட்டுவிட்டேன்.

வேலை, நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில். அதன் வழவழப்பான விளம்பரத் தாளில் இங்கிலீஷ் துறைக்கு நேராக ஒரு நீலக்கண் வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். முதல் வாரம் முழுக்க மாணவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏமனிலிருந்து வந்த பையன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் என்னிடமே வந்து, "வாத்தியார் எப்போது வருவார்?" என்று மரியாதையாகக் கேட்டான். அந்த நீலக்கண்காரரைக் கல்லூரியில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. சம்பளம் கேட்காதவர், லீவு எடுக்காதவர், எப்போதும் சிரித்த முகம். நிர்வாகத்துக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் எங்கே கிடைக்கப்போகிறார்?

குடியிருக்க பாச்சாங்கில் ஒரு சீன அம்மாளின் வீட்டில் மாடி அறை கிடைத்தது. முன்பணத்தை இரண்டு தவணையாகச் செலுத்துவதில் தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இருக்காது என்று நம்பலாமா என்று, மில்டன் படித்தவன் கேட்கவேண்டிய முறையில், இங்கிலீஷில் கேட்டேன். "கேன்" என்றார். இன்றைக்கே குடிவரலாமா? "கேன்." சுவரில் முருகன் படம் மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா? "கேனாட்." என் முகம் வாடியதைப் பார்த்து, "சின்ன ஆணி, கேன் லா" என்று இரங்கினார். வாடகை, சாவி, முருகன் மூன்றும் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தன. இந்த இங்கிலீஷைத் திருத்துவதற்குத்தான் என்னைக் கடல் தாண்டி வரவழைத்திருக்கிறார்கள். திருத்துவதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கல்லூரி வேலை அப்படியே ஓடியது. அதில் சொல்ல அதிகமில்லை. நான் உண்மையில் வேலை பார்த்தது சனிக்கிழமைகளில். மலேசிய அரசு 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் இங்கிலீஷில் நடத்தச் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு மடிக்கணினிகள் வந்தன, படம் காட்டும் கருவிகள் வந்தன, கூடவே பெற்றோருக்குக் கிலியும் வந்தது. நான் போய்ச் சேர்ந்த 2007இல் 2003இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த முதல் தொகுதிப் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டில் இருந்தார்கள். அடுத்த வருஷம் ஆரம்பப் பள்ளி முடிக்கும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு. ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில் தலைவர் என்னை மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரே என்கிற ஆற்றிய டீயும் கையுமாகப் பிடித்துவிட்டார். "நம்ம பிள்ளைங்களுக்கு வாரத்துல ஒரு நாளு இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க வாத்தியாரே. மண்டபம் சும்மாதான் கெடக்கு." (அந்தத் திட்டத்தையே கைவிடப்போவதாக 2009இல் அரசு அறிவித்தது. அதற்கு என் சனிக்கிழமை வகுப்பு காரணமாக இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.)

ஜாசின் பஸ் நிலையத்திலிருந்து தலைவர் தன் கான்சில் காரில் அழைத்துப்போவார். கான்சில் என்றால் சருகுமான். தன் வேட்டை நாயை ஒரு சருகுமான் ஆற்றில் உதைத்துத் தள்ளியதைப் பார்த்துத்தான் பரமேஸ்வரன் என்ற அரசன் மலாக்காவில் தலைநகர் அமைத்தான் என்று கதை. தலைவர், நான், வெண்பலகை, இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டில், வழியில் கைகாட்டிய அத்தனை பேர், எல்லோரும் அந்தக் காருக்குள் அடக்கம். நாயை உதைத்த பரம்பரை, தாங்கியது.

மலாயாவில் ரப்பரை வியாபாரமாகப் பயிரிடத் தொடங்கியதே இந்த மாநிலத்தில்தான். 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய அளவில். மரம் பிரேசிலிலிருந்து வந்தது, வெட்டும் கை நம் ஊரிலிருந்து போனது. இங்கிலீஷ் மட்டும் துரை பங்களாவிலிருந்து இறங்கி, கிராணி என்கிற ஆபீஸ் குமாஸ்தா வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. தொழிலாளர் லயத்துக்கு அது வந்து சேரவேயில்லை. இப்போது ரப்பரும் போய் எங்கு பார்த்தாலும் செம்பனை. தலைவரின் காருக்குப் பின்னால் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி ஹாரன் அடித்துக்கொண்டே வரும்.

மண்டப வாசலில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பசியாறிட்டீங்களா? வாத்தியாரு யாழ்ப்பாணமா?"

"இல்லைங்க பாட்டி. திருச்சி."

முகம் விழுந்துவிட்டது. "எங்க தாத்தாவும் அந்தப் பக்கந்தான், முசிறி. அவரு பால்மரந்தான் வெட்டுனாரு."

அவர் சிறு வயதில் பார்த்த ஏற்பாடு அப்படி. இங்கிலீஷ் பள்ளி வாத்தியார், ஆபீஸ் கிராணி, ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் என்றால் யாழ்ப்பாணத்தார். திருச்சி, சேலம், தஞ்சாவூர் என்றால் வாளியும் கத்தியும். முசிறிப் பக்கத்து ஆள் இங்கிலீஷோடு வந்து நிற்பதில் அவருக்கு ஏதோ கணக்கு உதைத்தது. அடுத்த பல வாரங்களுக்கு என்னைச் சந்தேகத்தின் பேரிலேயே அனுமதித்தார்.

பிள்ளைகளுக்குச் சந்தேகம் ஏதுமில்லை. 'நான் கண்ட சாலை விபத்து' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லா நோட்டிலும் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சூரியன் பளிச்சென்று ஒளிர்ந்தது. பறவைகள் இனிமையாகக் கூவின. லோரி ஒரு மோட்டார் சைக்கிள்காரரை மோதியது. கடைசியில் எல்லோரும் களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்பினார்கள்.

"அடிபட்டவர் என்னடா ஆனார்?" என்று ஒருவனிடம் கேட்டேன்.

"வோர்ட்ஸ் முடிஞ்சிருச்சி சார்."

சூரியனுக்கும் பறவைகளுக்கும் அன்றோடு தடை விதித்தேன். எந்தக் கட்டுரையிலும் அவை தலைகாட்டக் கூடாது. அடுத்த வாரம் நோட்டுகளைத் திறந்தால், நிலா பளிச்சென்று ஒளிர்ந்தது. ஆந்தைகள் இனிமையாகக் கூவின. விபத்தை ராத்திரிக்கு மாற்றியிருந்தார்கள்.

பாட்டியின் சந்தேகம் தெளிந்தது ஒரு பழுப்பு உறையால். அவருக்கு அரசாங்கக் கடிதம் வந்திருந்தது. உறையின் மேல் 'உருசான் ஸ்ரீ படுக பகிண்டா' என்று அச்சிட்டிருந்தது. "வாத்தியாரே, இதக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டினார். தோட்டத்தில் வாத்தியார் என்றால் காலங்காலமாக இதற்குத்தானே? மலாய், ரோமன் எழுத்தில் எழுதப்படுகிற மொழி. வாசிக்க ஒரு சிரமமும் இல்லை. எழுந்து நின்று, மேல்முகவரியிலிருந்து கையெழுத்துக்குக் கீழே இருந்த பதவிப் பெயர் வரை, பி.பி.சி. செய்தி வாசிக்கிற தோரணையில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்து முடித்தேன். மண்டபம் கப்சிப். முனியாண்டி சந்நிதியில் மணி துடைத்துக்கொண்டிருந்த பூசாரிகூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நல்லா வாசிக்கிறாரு" என்று பாட்டி தலைவரிடம் சான்றிதழ் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னா சொல்றான்?" என்றார்.

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

முதல் வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், ஐந்தாம் ஆண்டு, "குடுங்க சார்" என்று கடிதத்தை வாங்கினாள். கண்ணை ஓட்டினாள். "பாட்டி, சொக்சோவுலேர்ந்து. ஒங்க ஐ.சி. காப்பி, பாங்கு புக்கு காப்பி, தாத்தா எறந்த சர்டிபிகேட்டு காப்பி கேக்குறாங்க. காப்பியில பெங்குலு கையெழுத்து வேணும். மாசக் கடைசிக்குள்ள." (சொக்சோ, தொழிலாளர் காப்புறுதி நிறுவனம். பெங்குலு, ஊர்த் தலைவர்.) பாரத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"சார், மலாய் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"அப்ப கடையில எப்டி சார் சாப்புடுவீங்க?"

"இங்கிலீஷில் கேட்பேன்."

"பாவம் லா சார்."

இங்கிலீஷ் எம்.ஏ. படித்தவனைப் பார்த்து யாரும் அதுவரை பரிதாபப்பட்டதில்லை. வீட்டில் தமிழ், ஆபீசுக்கு மலாய், பரீட்சைக்கு இங்கிலீஷ், சீனர் கடையில் சில்லறை எண்ண ஹொக்கியன் என்று அந்தப் பெண் நான்கையும் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தாள். அது பெரிய விஷயம் என்று அவளிடம் யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை. 1968இலிருந்து இருமொழிக் கொள்கை நடக்கும் மாநிலத்தில் வளர்ந்தவன் நான். இரண்டுக்கு மேல் எண்ணிப் பழக்கமில்லை. அடுத்த சனிக்கிழமை பாட்டி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணுக்கு. "வாத்தியாருக்கும் ஒண்ணு பிச்சுக் குடு" என்றார்.

என் தொழிலில் மலாக்காவில் எனக்கு முன்னோடி ஒருவர் உண்டு என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். முன்ஷி அப்துல்லா. தமிழும் அரபும் கலந்த குடும்பம். 1796இல் மலாக்காவில் பிறந்தார். நம் வியாபாரிகள் நிறைந்திருந்த ஊர் என்பதால் கணக்கு எழுதத் தமிழும் தெரிய வேண்டும் என்று அவர் அப்பா அவரைத் தமிழ் படிக்க வைத்தார். கோட்டைச் சிப்பாய்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தார். முன்ஷி என்ற பட்டம் அவர்கள் வைத்தது. ராஃபிள்ஸ் துரையிடம் எழுத்து வேலை பார்த்தார், பிறகு பாதிரிமார்களுக்கு வாத்தியார். 1849இல் அச்சான தன் வரலாற்றில், தாம்சன் என்ற பாதிரியார் மலாயைத் தன் இஷ்டத்துக்கு எழுதிவிட்டு, திருத்தினால் கேட்காமல் பிடிவாதம் பிடித்ததைச் சொல்லிச் சொல்லி ஆறமாட்டாமல் இருக்கிறார். படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. ஒரு விஷயத்தில் அவர்மேல் பொறாமையும் உண்டு. அவர் மாணவன் தப்பாக எழுதினால் அது மாணவன் தப்பு. என் மாணவன் தப்பாக எழுதினால் கோயில் தலைவர் என் முகத்தைப் பார்ப்பார்.

இங்கிலீஷ் வாத்தியார் என்ற முறையில் மலாக்காவில் எனக்கு ஒரே ஒரு முறைதான் முழுப் பெருமை கிடைத்தது. அது வகுப்பில் அல்ல, காஜா பெராங்கில் உள்ள செட்டி கம்பத்தில். சுல்தான் காலத்திலேயே வந்து குடியேறிய நம் வணிகர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பொற்கொல்லர் தெருப் பொய்யாத விநாயகர் கோயில், 1781இல் டச்சுக்காரர் காலத்தில் எழும்பியது, அவர்களுடையதுதான். பெயருக்குப் பின்னால் பிள்ளை, நாயக்கர், படையாட்சி எல்லாம் இருக்கும், பேச்சு மலாய். நெற்றி நிறையத் திருநீறும் கைலியுமாகத் திண்ணையில் இருந்த பெரியவரைக் கும்பிட்டு, "வணக்கம் ஐயா, பொங்கல் எல்லாம் எப்படி?" என்றேன். அவர் வாய் நிறைய மலாயில் பதில் சொன்னார். நான் தமிழில் சிரித்தேன். அவர் மலாயில் சிரித்தார். கடைசியில் இருவரும் இங்கிலீஷுக்கு இறங்கிவந்து, குலதெய்வம், படையல், அவர் வீட்டு மாமரம் என்று பொழுது சாயும்வரை பேசினோம். வெள்ளைக்காரன் மட்டும் வராமல் போயிருந்தால் இரண்டு தமிழர்கள் மாமரத்தடியில் ஊமைகளாக உட்கார்ந்திருப்போம்.

வீடு திரும்பியதும் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் எனக்கு மலாய் வகுப்பு. வாத்தியார், ரெட்டைச் சடை. கண்டிப்பானவள். வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் பாட்டியிடம் போட்டுக்கொடுப்பாள். சில வாரம் கழித்து 'சந்தையில் ஒரு நாள்' என்று கட்டுரை எழுதிவரச் சொன்னாள். அகராதியைப் புரட்டி எழுதிப் போனேன்: சந்தைக்குப் போனேன், மீன் வாங்கினேன், மீன் விலை அதிகம், வீட்டுக்கு வந்தேன். சிவப்புப் பேனாவை மூடி திறந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஒரு தப்புக்கூட இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பத்துக்கு நாலுதான் போட்டாள்.

"ஏம்மா, எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரிதான் சார். ஆனா சூரியன் இல்ல, பறவ கூவல. எப்டி சார் மார்க்கு போடுறது?"