ஊதினா மங்கும், பேராண்டி!

என்னா பேராண்டி, இ.எம்.ஐ. போட்டு வாங்குன டெலஸ்கோப்பைக் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில நிறுத்தி, அரைமணி நேரம் தடவிப் பாத்துட்டு, "நட்சத்திரத்தைக் காணோம், கடைக்காரன் ஏமாத்திட்டான்"ங்கிற. கடைக்காரன் என்னா செய்வான்? நீ தேடுறது மீரா. மாசக்கணக்குல காணாமப் போயிட்டு வர்றதே அதோட பொழப்பு. 1596ல டேவிட் பாப்ரீசியஸ்னு ஒரு பாதிரியாரு அதைப் பாத்தாரு. கொஞ்ச நாள்ல மறைஞ்சுபோச்சு, அவரும் விட்டுட்டாரு. 1609ல பாத்தா, அதே எடத்துல ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்குது!

சுமாரா 332 நாளுக்கு ஒரு சுத்து. உச்சத்துல வெறுங்கண்ணுக்கே தெரியும். அடியில கெடந்தா பைனாகுலர் வேணும். வருஷத்தைவிடச் சுத்து கம்மிங்கிறதால, உச்சம் வருஷா வருஷம் ஒரு மாசம் முந்தும். சில வருஷம் சித்திரையில சூரியனுக்குப் பின்னால நின்னு ஜொலிச்சு முடிச்சிடும். ஐப்பசியில வந்தா நம்மூரு அடைமழை மேகத்துக்கு மேல நின்னு ஜொலிக்கும். உன்கிட்ட லீவு லெட்டர் குடுத்துட்டா போகும்?

ஏன் மங்குதுன்னு கேளு. வயசான சிவப்பு அரக்கன் அது. ஒரு நெலையில நிக்காம சுருங்கி விரியும். ஊதிப் பெருக்கும்போது மேல்பாகம் குளுந்துபோவும். குளுந்த எடத்துல டைட்டானியம் ஆக்சைடு சேந்து வெளிச்சத்தை மறிச்சிக்கும். ஆக, ஊதினா மங்கல். பிரமோஷன் வந்ததுலேருந்து நெஞ்சை நிமித்திக்கிட்டு சுரங்கத்துக்குப் போறியே, அதுக்காகச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்.

நம்ம சீமையிலயும் ஒருத்தரு இருந்தாரு, சிந்தாமணி ரகுநாதாச்சாரின்னு. மெட்ராஸ் நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்துல உதவியாளர். 1867ல தென்வானத்துல ஆர் ரெட்டிகுலிங்கிற நட்சத்திரம் ஒளி மாறுதுன்னு கண்டுபிடிச்சாரு. அதுவும் மீரா ரகந்தான், சுத்து சுமாரா 280 நாள். 1872ல லண்டன் ராயல் வானியல் சங்கத்துல சேந்த முதல் இந்தியரும் அவருதான். அவரு மேலதிகாரி நார்மன் போக்சன், ஒரு படி பிரகாசம்னா சுமாரா ரெண்டரை மடங்குன்னு 1856லயே அளவுகோல் வகுத்தவரு. அளவுகோலு மேலதிகாரியோடதா இருந்தாலும், கண்ணு முழிச்சது இவரு கண்ணு. அந்த நட்சத்திரத்துக்கு ஆசைப்படாத. நெய்வேலியில தெற்கே சுமாரா பதினஞ்சு டிகிரிக்கு மேல ஏறாது. புழுதியும் விளக்கு வெளிச்சமும் முழுங்கிடும். மீரா மார்கழி, தை முன்னிரவுல உச்சிக்குக் கிட்டவே நிக்கும்.

பாக்குறதுக்கும் ஒரு மொறை இருக்கு. பக்கத்துல, கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு மாறாம நிக்கிற ரெண்டு பேரைப் புடிச்சுக்க: போக்சன் அளவுகோல்ல காமா சீட்டி 3.5, டெல்டா சீட்டி 4.1. மீரா அதுங்களுக்கு நடுவுலயா, மேலயா, கீழயான்னு மதிப்பு போடு. தானே ஏறி எறங்குறவனோட ஒப்பிட்டா கணக்கு நாறிடும். பக்கத்து பிளாக்குல கார் வாங்குனவனைப் பாத்து நீ தூக்கம் கெட்டுக் கெடக்குற. அவன் அடகுக் கடைக்கு நடக்குறது எனக்குத்தான் தெரியும்.

இன்னிக்குத் தெரியலன்னா, தேதியும் மணியும் போட்டுத் 'தெரியவில்லை'ன்னு எழுது. அந்த வரியும் இருந்தாத்தான் எப்ப மங்குச்சு, எப்ப மொளச்சுதுன்னு கோடு போட முடியும். உச்சத்துல இருந்த நாளை மட்டும் எழுதி வச்சா, அதுக்குப் பேரு நோட்டு இல்ல, கட்சிக்காரன் பேனரு.